நாற்பது நாளுக்கு முந்தைய தண்ணீர்

மே 4, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். இப்படி எழுதியதும் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த உன் வீட்டுக்காரி, "மூணு இல்ல அண்ணி, மூணரை. திருத்துங்க" என்று சண்டை போட்டாள். திருத்திவிட்டேன். இப்போது குளிக்கப் போயிருக்கிறாள். வருவதற்குள் மற்றதை எழுதிவிடுகிறேன்.

காலையில் நீ போன் பண்ணியபோது கிடைத்த இரண்டு நிமிஷத்தையும் அவளே பேசித் தீர்த்துவிட்டாள். அதில் குற்றமில்லை, புருஷன் குரலுக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறவள். நான் கேட்க நினைத்ததை எல்லாம் கடிதத்தில் கேட்டுக்கொள்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? வெல்டிங் பண்ணும்போது கண்ணாடி போடுகிறாயா? பொய் சொல்லாதே.

சிட்டு நன்றாக இருக்கிறாள். ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. எடை சரியாக ஏறுகிறது. டெலிபோன் ஆபீஸில் புகார் வாங்கிப் பழகிய வாய் இல்லையா, வீட்டிலும் அதே கச்சேரிதான். பழம் சாப்பிடு என்றால், படுத்துக்கொள் என்றால், எதற்கும் ஒரே பதில்: "உங்க புகார் பதிவு பண்ணியாச்சு மேடம்." உன் மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போகிறார். பிள்ளைக்குட்டி இல்லாத இந்த வீட்டில் இத்தனை சத்தம் கேட்டது இந்த இரண்டு மாதமாகத்தான்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். உன் கப்பல் சமையல்காரருக்கு மஞ்சள் காமாலை கண்டு பாதி வழியில் இறக்கிவிட்டார்கள், உடம்புக்குள் மஞ்சள் எங்கிருந்து வருகிறது, வெளியிலிருந்து யாராவது ஊற்றுகிறார்களா என்று. பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் அந்த மஞ்சளை அளந்து சம்பளம் வாங்குகிறவளிடம் கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொள்.

வெளியிலிருந்து வருவதில்லை. எல்லோர் உடம்பிலும் தினமும் உண்டாவதுதான். ரத்தத்தின் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம். கிழடானதை மண்ணீரல் பிடித்து உடைத்துவிடும். இரும்பை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளும். மிச்சம் முதலில் பச்சையாகிப் பிறகு மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்குப் பெயர் பிலிருபின். எட்டு வயதில் நீ மாடிப்படியில் உருண்டு, முழங்காலுக்குக் கீழே கன்றிப்போனதே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஊதா, அப்புறம் பச்சை, கடைசியில் மஞ்சள். அம்மாவிடம் காட்டாமல் பத்து நாள் முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாய். அந்த நிறங்களும் இதே கதைதான்.

இந்தப் பிலிருபின் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லீரலில் சேர்க்கும். கல்லீரல் அதை ஒரு சர்க்கரை அமிலத்தோடு கோத்து, கரையும்படி செய்து, பித்தத்தோடு குடலுக்குத் தள்ளிவிடும். மலத்துக்கு நிறம் வருவது அதனால்தான். (சாப்பிடும்போது இதைப் படிக்காதே.) அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால் கல்லீரல் திணறும். கல்லீரலே நோய்ப்பட்டாலும் வேலை நிற்கும். அது நன்றாக இருந்து பித்தக் குழாயில் கல் அடைத்துக்கொண்டாலும் மஞ்சள் திரும்பி ரத்தத்துக்கே வந்துவிடும். அதனால் மஞ்சள் என்பது நோயில்லை. உள்ளே எங்கோ ஒன்று கெட்டுவிட்டது என்று வாசலில் வந்து நின்று சொல்லும் ஆள். கண்ணின் வெள்ளையில்தான் முதலில் வந்து நிற்பான்.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த வாரம் அப்படி நான்கு பேரின் ரத்தம் வந்தது. ரத்தம் உள்ள கண்ணாடிக் குழாயை மிஷினில் சுற்றவிட்டு எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கும் பழைய எண்ணெய் போல இருந்தன. வழக்கமாக மாதத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். நான்கு விலாசமும் நம் தெருவைச் சுற்றி. ஏப்ரல் தொடக்கத்தில் சாலை தோண்டினார்களே, அப்போது ஒரு வாரம் குழாய்த் தண்ணீரில் ஒரு நாற்றம் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்னவோ. எதற்கும் இன்றிலிருந்து வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

குளியலறைக் கதவு திறக்கிறது. நிறுத்துகிறேன்.

உன் அக்கா

*

மே 15, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

சப்ளைப் படகு நாளைக்குப் புறப்படுகிறது என்று உன் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். அதற்குள் சேர்க்க வேண்டும் என்று லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிட்டு நலம். இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படி.

நான்கு என்று எழுதியிருந்தேன். இன்று காலையோடு இருபத்தேழு. நாங்கள் அளக்கும் முறையில் அந்த மஞ்சள் நீரில் ஒரு மருந்து விடுவோம், சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாக மாறும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பிலிருபின். ஒன்றுக்குள் இருந்தால் சரி. இப்போது வருகிறவை எட்டு, பத்து, பன்னிரண்டு. ரேக்கில் வரிசையாக ஊதாக் குழாய்கள் நிற்கின்றன.

உன் மாமா கரண்ட் மீட்டர் பார்க்க வீடு வீடாகப் போகிறவர். இரண்டாவது வாரமே வந்து சொன்னார்: "மீட்டரைப் பாக்கறதா, கதவைத் திறக்கறவங்க கண்ணைப் பாக்கறதான்னே தெரியலடி. ஒரு வீட்ல அப்பனும் மகளும். அடுத்த வீட்ல மூணு பேரு." என்னிடம் லேப் விலாசங்கள், அவரிடம் தெருவாரியான மீட்டர் பட்டியல். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் வைத்து ஒரு தாளில் தெருவை வரைந்து பென்சிலால் புள்ளி வைத்தோம். நோயாளிகள் பெயரை வெளியே சொல்லக்கூடாது, தெரியும், பெயர் ஒன்றும் எழுதவில்லை. புள்ளிகள் சிதறி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. தோண்டிய மூலையிலிருந்து எங்கள் தெருக்கோடிவரை, கோடு போட்டது போல நின்றன. நம் வீடு அந்தக் கோட்டில் நடுவில்.

தாளை எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை தண்ணீர் ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "குளோரின் போட்டுக்கிட்டுதாம்மா இருக்கோம். உங்க லேப்ல கலர் மாறினா எங்க பைப்பு என்ன பண்ணும்?" என்றார். மாமாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷ சர்வீஸில் நாய் கடித்தபோதுகூட அவர் குரல் உயர்ந்ததில்லை. மறுநாள் எங்கள் லேப் டாக்டரம்மாவே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு எழுதியபிறகுதான் ஆள் வந்து பள்ளத்தைத் திரும்பவும் தோண்டினான். சாக்கடைக் குழாயும் தண்ணீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இரண்டிலும் விரிசல்.

அடைத்துவிட்டார்கள். தெருவில் எல்லோரும் இனி பயமில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். டாக்டரம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க இன்னிக்குக் குடிச்சதால வரல. இந்தக் கிருமி உள்ள போய்ச் சுமார் நாற்பது நாள் சும்மா இருக்கும். அப்புறம்தான் கல்லீரலைப் பிடிக்கும். இப்ப நாம பாக்கறது ஏப்ரல் மாசத்துத் தண்ணிய" என்றார். அடைத்தது இனிமேல் குடிப்பவர்களுக்கு. குடித்தவர்களுக்கு இல்லை.

அவர் இன்னொன்றும் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை இப்போது எழுதவேண்டாம் என்று விடுகிறேன்.

சுவரில் காலண்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏப்ரல் எட்டிலிருந்து பதினைந்துவரை தண்ணீர் நாறியது. அதோடு நாற்பதைக் கூட்டினால் அடுத்த வாரம் வருகிறது.

நேற்று சிட்டுவிடம் இரும்புச்சத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். நீளமாக ஒரு முறை "ஆ" என்று கத்திவிட்டு, "வலிக்குதுன்னு புகார் குடுத்தா எந்த கவுன்டர்?" என்று கேட்டாள். இரும்பையும் பார்த்தேன், மற்றதையும் பார்த்தேன். பிலிருபின் 0.6. அந்தக் குழாயில் நிறமே ஏறவில்லை. வெறும் தண்ணீர் போல இருந்தது. லேபிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். தம்பி, நேற்றைக்கு 0.6. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

போனில் இதைப் பற்றிப் பேசாதே. அவள் பக்கத்திலேயே நிற்பாள்.

உன் அக்கா

*

மே 27, செவ்வாய்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம், கொஞ்சம் அசதி, வெயில், வேறு ஒன்றுமில்லை என்று சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமையிலிருந்து சாப்பாட்டைத் தள்ளினாள். டீ வாசனை பிடிக்கவில்லை என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று மாமா சொன்னார், நானும் சரி என்றேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் காய்ச்சல். ஞாயிறு மாலை, "அண்ணி, யூரின் என்ன இப்படி டீ டிக்காஷன் மாதிரி போகுது? தண்ணி கம்மியா குடிக்கிறேனோ?" என்று கேட்டாள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தவள் திரும்பாமலேயே நின்றேன். கல்லீரல் கோத்துக் கரையவைத்த மஞ்சள் குடலுக்குப் போகாமல் ரத்தத்துக்குத் திரும்பினால் சிறுநீரில்தான் இறங்கும். பதினாறு வருஷமாக நர்ஸிங் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் அது.

ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் மேலே பார்க்கச் சொன்னேன். கண்ணின் கீழ் ஓரத்தில் மெலிதாக இருந்தது. உனக்கென்றால் தெரிந்திருக்காது.

திங்கள் காலையில் நானே ரத்தம் எடுத்தேன், சோதனையையும் நானே ஓட்டினேன். 4.8. மருந்து பழசோ என்று புதுப் புட்டியை உடைத்து ஓட்டினேன். 4.8. மூன்றாவது தடவை பக்கத்து மேஜைக்காரியை ஓட்டச் சொன்னேன். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே சேர்த்துவிட்டோம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். நான் வேலை செய்யும் மாடிக்கு நேர் கீழே. அரை மணிக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறாள்.

டாக்டரம்மா அன்று பாதியில் நிறுத்தியதை இப்போது எழுதுகிறேன், இனி மறைத்துப் பயனில்லை. தண்ணீரால் வரும் இந்தக் காமாலைக்கு மருந்து என்று தனியாக இல்லை. முக்கால்வாசிப் பேர் படுத்திருந்து தானாகவே எழுந்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும், அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், கல்லீரல் அப்படியே உட்கார்ந்துபோகலாம். நான்கைந்து பேரில் ஒருவருக்கு அப்படி ஆகிறது என்றார். மற்ற நான்கு பேர் பிழைக்கிறார்கள் என்று நான் அந்தக் கணக்கைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படியே படி.

இன்னொன்று இருக்கிறது. அவள் பிறந்த வீட்டில் இருந்திருக்க வேண்டியவள். "ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு, நான் இருக்கேன், இங்க அனுப்பு" என்று மார்ச்சில் உன்னிடம் அடம்பிடித்து வரவழைத்தது நான். ஏப்ரலில் தண்ணீர் நாறியபோது அவள் குடிக்க மாட்டேன் என்றாள். சாலை தோண்டினால் அப்படித்தான் இருக்கும், வடிகட்டித்தானே தருகிறேன், ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் உள்ளே போகவேண்டும் என்று எண்ணி எண்ணிக் குடிக்கவைத்தேன். மாமாவும் நானும் காலையில் வேலைக்குப் போனால் அங்கே குடிப்போம். வீட்டுத் தண்ணீரை முழுதாகக் குடித்தவள் அவள் ஒருத்திதான்.

இதை எழுதிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

கேப்டனிடம் லீவு கேள். கேட்டு வை.

அக்கா

*

ஜூன் 5, வியாழன்

தம்பி,

"மனைவி கவலைக்கிடம், வரவும்" என்று உன் கம்பெனிக்குச் செய்தி கொடுத்தது நான்தான். கப்பலை நடுக்கடலில் திருப்ப முடியாது, கடலடியில் போட்டுவரும் கேபிளின் முனையைக் கரையில் சேர்த்தபிறகு பதினேழாம் தேதி துறைமுகத்தில் இறக்குகிறோம் என்று பதில் சொன்னார்கள். அந்தச் செய்தியில் மூன்று சொல்லுக்கு மேல் போடவில்லை. மிச்சம் இதில்.

சிட்டுவின் பிலிருபின் வெள்ளிக்கிழமை ஒன்பது. ஞாயிறு பன்னிரண்டு. செவ்வாய் பதினாறு. கல்லீரல் செல்கள் உடையும்போது கசியும் நொதியின் அளவு முதலில் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது, திங்கள்கிழமை எண்ணூறுக்கு இறங்கியது. வார்டில் புதிதாக வந்த சின்ன டாக்டர், "இறங்குது மேடம், நல்லதுதானே?" என்று சந்தோஷமாகக் கேட்டார். உடைவதற்கு மிச்சம் இல்லாமல் போனாலும் அது இறங்கும். ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தேன். நம் எல்லோருக்கும் பதின்மூன்று விநாடி. அவளுக்கு நாற்பத்தொன்று. ரத்தத்தை உறையவைக்கும் பொருளைச் செய்வதும் கல்லீரல்தான். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தோம், ரத்தம் நிற்கவில்லை.

திங்களன்று பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் யார் என்று பார்ப்பதற்கே நேரம் பிடித்தது. டாக்டர் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து விரல்கள் தாமாகவே விழுந்து விழுந்து எழுந்தன. கல்லீரல் கழிக்காத விஷம் மூளைக்கு ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். செவ்வாய் காலை வார்டு சிஸ்டர் மருந்து கொடுக்கப் போனபோது, அவள் கண்ணைத் திறந்து சிஸ்டரைப் பார்த்து, "உங்க புகார் பதிவு பண்ணியாச்சு மேடம்" என்றாள். சிஸ்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது அவள் குரல் இல்லை. மிஷினில் பதிந்து வைத்த குரல் போல இருந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

நேற்று விடியற்காலையில் வலி தானாகவே கண்டுவிட்டது. எட்டாம் மாதம். காலை பதினொரு மணிக்கு நினைவில்லாமலே பெற்றாள். வெளியிலிருந்து நான்கு பை ரத்தம், ஆறு பை பிளாஸ்மா ஏற்றினார்கள். மாமாவுடன் வேலை பார்க்கும் மீட்டர்காரர்கள் வரிசையாக வந்து கொடுத்தார்கள். நீ ஊருக்கு வந்தால் அவர்கள் ஒவ்வொருவரையும் போய்ப் பார்க்க வேண்டும்.

பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு. அழுதாள், நான் கேட்டேன். நெற்றிக்கு மேலே உனக்கு இருக்கிற அதே சுழி.

குழந்தைகள் வார்டில் நீல விளக்குக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் துணி கட்டி, வெறும் உடம்போடு, உள்ளங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பிறந்த குழந்தைக்குக் கல்லீரல் இன்னும் வேலைக்குப் பழகியிருக்காது, அதனால் நிறைய குழந்தைகள் மூன்றாம் நாள் கொஞ்சம் மஞ்சளாகித் தெளியும். இவள் முதல் நாளே மஞ்சள். அந்த நீல வெளிச்சம் தோலில் இருக்கும் பிலிருபினின் உருவத்தை மாற்றிக் கல்லீரலின் உதவி இல்லாமலே வெளியே போகவைக்கும். நல்ல விளக்கு அது. அதை நம்பித்தான் இருக்கிறோம்.

இப்போதுதான் குழந்தையின் குதிகாலில் குத்திய ரத்தம் மாடிக்கு வந்திருக்கிறது, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு விரற்கடை அளவு. நான் ஓட்ட வேண்டும். போகிறேன்.

அக்கா

*

ஜூன் 14, சனி

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் கம்பெனி ஆபீஸர் கையிலேயே கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் வந்து கொடுப்பார். போனில் சொல்லக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். எங்காவது ஓரமாக உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

சிட்டு பிழைத்துவிட்டாள்.

குழந்தை போய்விட்டாள். முப்பத்தொரு மணி நேரம் இருந்தாள். நான் அன்று ஓட்டிய எண் ஒன்பது. அதனால் போகவில்லை. தாயின் நோய் அவளுக்கும் இறங்கியிருந்தது, மூச்சுப் பை முதிரவில்லை, கடைசியில் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. ஐந்தாம் தேதி வியாழக்கிழமை மாலை ஆறு மணி. மாமா மடியில்தான் போனாள். மாமாவே தூக்கிக்கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். வந்தவர் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. மீட்டர் பட்டியலைக் கையில் எடுத்தார், வைத்தார். அந்தத் தெரு வழியாக எப்படிப் போவேன் என்று கேட்டார். நம் தெருவே அதுதான்.

நூற்று நாற்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. கர்ப்பிணிகள் ஐந்து பேர். இரண்டு பேர் இல்லை. தண்ணீர் ஆபீஸிலிருந்து அந்த இன்ஜினியர் வார்டுக்கு வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

சிட்டுவுக்கு எட்டாம் தேதி ஞாயிறு காலையில் கண் திறந்தது. பிரசவம் ஆனதும் சிலருக்குக் கல்லீரல் திரும்பிவிடும் என்றார்கள், திரும்பியது. ரத்தம் உறையும் நேரம் முதலில் இறங்கியது, முப்பது, இருபத்திரண்டு, இன்றைக்குப் பதினாறு. மஞ்சள் மெதுவாகத்தான் இறங்கும். இன்றைக்கு ஏழு. சிறுநீர் தெளிகிறது. நேற்று வார்டு வாசல்வரை நடந்தாள். இதெல்லாம் நல்ல செய்தி, தம்பி. ஒவ்வொரு காலையும் எண் இறங்க இறங்க வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னால் மட்டும் திரும்பச் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கண் திறந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "எங்க அண்ணி?" என்றாள். ரத்தம் இன்னும் சரியாக உறையாத நேரம், அதிர்ச்சி எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். அது காரணமா, என் கோழைத்தனமா, எனக்கே தெரியவில்லை. "குழந்தைங்க வார்டுல இருக்கா. விளக்குக்கு அடியில. மஞ்சள் இறங்கணும்" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடியவள், திரும்பத் திறந்து, "எவ்வளவு?" என்று கேட்டாள். இத்தனை நாள் இந்த வீட்டில் இருந்து எண் கேட்கப் பழகிவிட்டாளே. "ஒன்பது" என்றேன்.

அது பொய் இல்லை. நான் கையால் அளந்த எண்.

மறுநாள் காலை கண் விழித்ததும் முதல் வார்த்தை, "இன்னிக்கு எவ்வளவு?" 8.4 என்றேன். அடுத்த நாள் 7.8. பதினாறு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை, உனக்குத் தெரியும். கைமாறிப் போன குழாய்க்காக நோயாளியைத் திரும்ப வரவழைத்துத் திட்டு வாங்கியவள் நான். இப்போது படி இறங்கும்போது தினமும் ஒரு எண்ணை யோசித்துக்கொண்டே இறங்குகிறேன். ஒரேயடியாகக் குறைந்தால் சந்தேகம் வரும். ஏறினால் பயந்துவிடுவாள். உண்மையான குழந்தைக்கு எப்படி இறங்குமோ அப்படி இறக்குகிறேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவள் அதை எழுதிவைத்துக்கொள்கிறாள். புதன்கிழமை, "எவ்வளவு வந்தா குடுப்பாங்க?" என்று கேட்டாள். என்னையும் அறியாமல் வாயில் வந்தது: "அஞ்சுக்குக் கீழ வந்தா."

வியாழக்கிழமை அவளுக்கு இரண்டு ஸ்பூன் அளவு பால் சுரந்தது. சின்ன கிண்ணத்தில் எடுத்து, சிந்தாமல் என் கையில் கொடுத்து, "வாசனையாவது தெரியட்டும் அண்ணி, எடுத்துட்டுப் போங்க" என்றாள். வாங்கிக்கொண்டு வராந்தாவில் குழந்தைகள் வார்டுவரை நடந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் உள்ளேயும் போனேன். அதற்குமேல் கேட்காதே.

நேற்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இப்ப தாங்குவாங்க. நீங்க சொல்லலாம்" என்றார். ஆக, டாக்டர் மேல் போட்ட பழியும் நேற்றோடு போயிற்று. நேற்று இரண்டு தடவை கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் சீட்டைத் திருப்பினாள், பென்சிலை எடுத்தாள். நான் எண்ணைத்தான் சொன்னேன்.

நீ வந்து சொல் என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கவும் மாட்டேன். அவளை வரவழைத்தவள் நான், தண்ணீர் கொடுத்தவள் நான், சொல்ல வேண்டியவளும் நான்தான். நான் சொல்லும்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ இருக்க வேண்டும். அது ஒன்றுதான் கேட்கிறேன். அவள் யார் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தால், என் கையாக இருக்க முடியாது.

என்னிடம் நீ பேச வேண்டியது எல்லாம் அதற்குப் பிறகு பேசு. எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

துறைமுகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் பயணம். வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள். இன்றைக்கு 5.9 என்று சொல்லியிருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது 5.2-இல் இருப்பேன். இன்னும் ஒரு நாள் என்னால் நிறுத்திவைக்க முடியும். அதற்குக் கீழே என்னிடம் எண் இல்லை.

பத்திரமாக வா, தம்பி.

உன் அக்கா